தலை வெட்டிய கோடு

மழை வருகிறது என்று யாராவது ஓடிவந்து சொன்னால் மற்றவர்கள் மாடியில் காயும் துணியை நினைப்பார்கள். அவள் மட்டும், "பாத்தீங்களா, யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்பாள். ஒருமுறை எங்கள் வாட்ச்மேன் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்று மழை என்றார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எழுந்து ஜன்னல் வரை போய்க் கையை வெளியே நீட்டினாள். திரும்பி வந்து உட்கார்ந்து, "ஆமா, மழைதானுங்க" என்றாள். வாட்ச்மேன் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

அவள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், யாரைக் கேட்டு எழுதினீர்கள் என்று போன் செய்வாள்.

மைசூரில் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பரிசோதனைக்கூடத்தில் நாங்கள் இருவரும் சில வருஷங்கள் சேர்ந்து வேலை பார்த்தோம். மாவு, சர்க்கரை, மசாலா, மருந்துப் பொடி, மரத்தூள் என்று தொழிற்சாலைகளில் கிளம்புகிற தூசி காற்றில் கலந்து தீப்பிடித்தால் எவ்வளவு வேகமாக வெடிக்கும் என்று சோதித்துச் சொல்வது அந்தக் கூடத்தின் வேலை. வீட்டுச் சமையலறையில் மாவு வெடித்து யாரும் பார்த்ததில்லை என்பதால் பல பேருக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். மூடிய இடத்தில் புகைபோல மிதக்கிற மாவுக்கு ஒரு பொறி போதும், கூரையைப் பெயர்த்துக்கொண்டு போய்விடும்.

சோதனைக்கு எங்களிடம் பெரிய பூசணிக்காய் அளவில் ஒரு எஃகுக் கோளம் இருந்தது. அதற்குள்ளிருந்து பாதிக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, பக்கத்துக் குடுவையிலிருந்து பொடியை அழுத்தக் காற்றோடு உள்ளே பீய்ச்சுவோம். கண் இமைப்பதற்கும் குறைவான ஓர் இடைவெளி விட்டு நடுவில் பற்றவைப்போம். வெளியே 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். உள்ளே நடந்ததை எல்லாம் அழுத்தமானி ஒரு கோடாக வரைந்துவிடும். அந்தக் கோட்டை வைத்து, தீ என்ன வேகத்தில் பரவியது என்று கண்டுபிடிக்கிற கணினிக் கணக்கை எழுதியது நான். நடுவில் பற்றிய தீ ஒரு பந்தாக ஊதிக்கொண்டே சுவரை நோக்கி வருகிறது. எரிந்த பங்கு கூடக் கூட அழுத்தம் ஏறுகிறது. எரியாமல் மிச்சமிருக்கும் காற்று நசுங்கிச் சூடாகிறது. இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் கோட்டிலிருந்து வேகம் கிடைக்கும்.

அந்த வேகத்தைப் பார்த்துத்தான் தொழிற்சாலைக்காரர்கள் தங்கள் தூசித் தொட்டியில் எத்தனை பெரிய வெடிப்புத் தகடு பொருத்துவது என்று முடிவு செய்வார்கள். தகடு என்பது உள்ளே அழுத்தம் ஏறினால் முதலில் கிழிந்து தீக்கு வழிவிடுகிற மெல்லிய உலோகத் தாள். நாங்கள் வேகத்தைக் குறைத்துச் சொன்னால் தகடு சிறியதாகிவிடும். வழி போதாத தீ சுவரை உடைத்துக்கொண்டு போகும். சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள்.

சோதனைப் பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது. என்னைவிட இளையவள், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கத்துக் கொங்குத் தமிழ் விவசாயக் குடும்பம். எம்.டெக். முடித்தும் ஊர்ப் பேச்சு அப்படியே நாக்கில் இருந்தது. என் அப்பா மைசூர் ரயில்வே பட்டறையில் இருந்தவர். நான் இங்கேயே பிறந்து வளர்ந்ததால் என் தமிழில் பாதிக்குக் கன்னடம் கலந்திருக்கும். என் தமிழையும் அவள் முழுக்க நம்பியதில்லை. நான் ஏதாவது சொன்னால், அதைக் கன்னடத்தில் ஒருமுறை சொல்லச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்வாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கணக்கு வரைந்த கோடும் அழுத்தமானி வரைந்த கோடும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் படிந்திருந்ததைப் பெருமையாக அவளிடம் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் திரையின் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள்.

"இத்தனை ஒட்டுதுன்னா எங்கியோ தப்பு இருக்கோணுமுங்க்கா. இதுல நீங்க எத்தனை திருகைத் திருகினீங்க?"

உண்மையில் ஒன்றைத் திருகியிருந்தேன். உள்ளே பொடியைப் பீய்ச்சும்போது காற்று கொந்தளிக்கும். அந்தக் கொந்தளிப்பு தீயை விசிறிவிட்டதுபோல வேகப்படுத்தும். அது எவ்வளவு என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆகவே கோடுகள் ஒட்டும்வரை அந்த ஓர் எண்ணைக் கூட்டிக் குறைத்துப் பார்த்து வைத்திருந்தேன். எல்லோரும் செய்வதுதான். அதைச் சொன்னேன். சரி, செய்யுங்கள், ஆனால் அந்த எண் என்ன என்பதையும் அறிக்கையில் பெரிய எழுத்தில் போடுங்கள், கோடு ஒட்டுகிற அழகை மட்டும் காட்டாதீர்கள் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அன்றிலிருந்து போட்டேன்.

முதல் முறை என் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குப் போனாள். சோப்பு நுரை கேட்டாள். கேஸ் குழாய் முழுக்க, ரெகுலேட்டரைச் சுற்றி, நுரையைத் தடவிக் குனிந்து பார்த்தாள். குமிழி ஒன்றும் வரவில்லை. என் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். "கசியலைதானே?" என்று கேட்டேன். "இப்ப இல்லைங்க" என்றாள். அதற்குப் பிறகு வாரக்கணக்கில், அடுப்பைப் பற்றவைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 'இப்ப' ஞாபகம் வந்தது.

அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்தார்கள். பெரிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை என்று சொன்னார்கள். அவன் பேச்சோடு பேச்சாக எந்த இடத்தில் கம்பெனி பஸ் ஏறுவான் என்று சொல்லியிருந்தான். அவள் ஒரு வாரம் காலையில் அந்த நிறுத்தத்தில் போய் நின்றாள். அவன் தினமும் கழுத்தில் அட்டையோடு வந்தான், ஏறினான், போனான். எல்லாம் உண்மை. கடைசி நாளில் அவன் அவளைப் பார்த்துவிட்டான். எதற்கு இங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறான். நீங்கள் சொன்னது நிஜமா என்று பார்க்க வந்தேன், நிஜம்தான், எனக்குச் சம்மதம் என்றாளாம். அன்று சாயங்காலமே அந்தப் பக்கத்திலிருந்து வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதை அவள் எந்த வெட்கமும் இல்லாமல் என்னிடம் சொன்னாள். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது.

இப்படிப்பட்டவள் ஒரே ஒருவரை மட்டும் எதுவும் கேட்டதில்லை. எங்கள் முதலாளியை.

அதற்குக் காரணம் இருந்தது. அவள் முன்பு வேலை பார்த்த ஆலையில் ஒரு கொதிகலனின் அளவுகள் பொய் என்று சொல்லிச் சண்டை போட்டு வெளியே வந்தவள். அதற்குப் பிறகு அவளை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் முதலாளி அவள் கதையைக் கேட்டுவிட்டு, எனக்கு இந்த மாதிரி ஆள்தான் வேண்டும் என்று அன்றைக்கே வேலை கொடுத்தார். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். சிரித்த முகம். ஒவ்வொருவர் வீட்டிலும் யாருக்கு என்ன உடம்பு என்று ஞாபகம் வைத்து விசாரிப்பார். அவளைப் பொறுத்தவரை, உலகத்தில் அவளுடைய சந்தேகத்தைக் குறையாகப் பார்க்காத முதல் மனிதர்.

நஞ்சன்கூட்டில் மக்காச்சோளத்திலிருந்து மாவு எடுக்கிற ஒரு தொழிற்சாலையிலிருந்து சோதனைக்குப் பொடி வந்தது. அந்த வாரம் அவள் உறவுக்காரர் கல்யாணத்துக்காக ஹனூர் போயிருந்தாள். சோதனையைச் செய்தது சித்தராஜு. கோளத்தைத் திறப்பது, கழுவுவது, பொடியை நிறுத்துப் போடுவது எல்லாம் அவர்தான். நஞ்சன்கூடு பக்கத்துக் கன்னடக்காரர், அதிகம் பேசாதவர். அழுத்தக் கோடு வழக்கம்போல் என்னிடம் வந்தது. என் கணக்கைப் போட்டேன். தீ மிகவும் சோம்பலாக நடந்து வந்திருந்தது. மக்காச்சோள மாவு அவ்வளவு சாது இல்லை. கோட்டை ஒட்டவைக்கக் கொந்தளிப்பு எண்ணை நான் இதுவரை வைத்ததே இல்லாத அளவுக்குக் கீழே இறக்க வேண்டியிருந்தது. என் கணக்கில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

அவள் திரும்பி வந்ததும் கையெழுத்துக்காக அறிக்கை அவள் மேசைக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் தாளை எடுத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்தாள்.

"இந்தக் கோட்டுக்குத் தலை எங்கீங்க்கா?"

எனக்குப் புரியவில்லை. அவள் விரலை வைத்துக் காட்டினாள். முழுக் கோடு என்றால் முதலில் ஒரு சின்னப் படி இருக்க வேண்டும். பொடியும் காற்றும் உள்ளே நுழைகிறபோது அழுத்தம் ஏறுகிற படி அது. அதற்குப் பிறகுதான் பற்றவைத்ததும் வருகிற செங்குத்தான ஏற்றம். சில மாதங்களுக்கு முன்பு முதலாளி அறிக்கையின் வடிவத்தை மாற்றியிருந்தார். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று, பற்றவைத்த கணத்திலிருந்து மட்டும் கோட்டைக் காட்டுகிற வடிவம். படி அச்சில் வருவதில்லை. அவளும் அதுவரை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கருவியிலிருந்த முழுக் கோட்டைத் திறந்தோம். படிக்கும் ஏற்றத்துக்கும் நடுவில் இருக்க வேண்டியதைவிட அதிக இடைவெளி இருந்தது. பொடியைப் பீய்ச்சிய பிறகு தாமதித்துப் பற்றவைத்திருக்கிறார்கள். அதற்குள் காற்று அடங்கிவிட்டது, பொடியும் கொஞ்சம் படிந்துவிட்டது. தீ மெதுவாகத்தான் போகும். தற்செயலாக நடக்காது, இடைவெளி கணினியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதை மாற்றக் கடவுச்சொல் வேண்டும்.

அன்று மதியம் கேன்டீனில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் சித்தராஜுவின் எதிரே போய் நின்றாள். மெதுவாகப் பேசுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. கன்னடத்தில் கேட்டாள். இடைவெளியை நீங்கள்தானே மாற்றினீர்கள்? அவர் இல்லை என்றார். நான் கடவுச்சொல் அடிக்கிறபோது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்கள், இல்லையா? அவர் மறுபடி இல்லை என்றார். அந்தத் தொழிற்சாலை வேனில் நீங்கள் ஊருக்குப் போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்றாள். வேன் அந்தப் பக்கம் போகிறது, என் ஊரும் அந்தப் பக்கம், ஏறிக்கொண்டேன் என்றார். சும்மாவா ஏற்றிக்கொண்டார்கள் என்று கேட்டாள். சித்தராஜு டிபன் டப்பாவை மூடினார். பாதிச் சோறு உள்ளே இருந்தது. மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

முதலாளி அவளைக் கூப்பிட்டுச் சமாதானமாகப் பேசினார். ஏழை ஆள், ஏதோ செய்துவிட்டான், பெரிதாக்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். அவர் மனசு யாருக்கு வரும் என்று அவள் என்னிடம் சொன்னாள்.

எனக்கு அப்போதுதான் அவள்மேலேயே சந்தேகம் வந்தது. கடவுச்சொல் அவளிடம் இருக்கிறது. கூட்டத்துக்கு நடுவில் ஒருவரைக் குற்றம் சொன்னால் சொல்கிறவரை யாரும் பார்க்க மாட்டார்கள். மழையைத் தொட்டுப் பார்க்கிறவள் சித்தராஜு விஷயத்தில் எதையும் தொட்டுப் பார்க்கவில்லையே, ஏன்? அவள் யாரோடு போனில் பேசுகிறாள், கணினியை மூடிவிட்டுப் போகிறாளா, திறந்து வைக்கிறாளா என்றெல்லாம் கவனிக்க ஆரம்பித்தேன். டீ குடிக்கக் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்றேன். அவளுக்கு இது தெரியாமல் இருக்குமா? ஒரு சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னைச் சந்தேகப்படறீங்களாக்கா?"

ஆமாம் என்றேன். அவள் முகம் வாடவில்லை. எதை வைத்து என்று கேட்டாள். சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுக் கைபேசியை எடுத்தாள். சோதனை நடந்த அன்று கல்யாணப் பந்தலில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். மணமக்களுக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். பந்தல் வாழைமரம் உறுதியாக நிற்கிறதா என்று அவள் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு படத்தில் விழுந்திருந்தது. வெளியிலிருந்து அந்தக் கணினிக்குள் நுழைய முடியாது என்பது எனக்கே தெரியும்.

"இதை மனசுல வெச்சுட்டு சுத்துனீங்களா? முன்னாடியே கேட்டிருக்கலாமுங்கல்ல" என்றாள்.

"சரி, நீ இல்லை. சித்தராஜு கடவுச்சொல்லைப் பார்த்ததை நீ பார்த்தியா?"

"பாக்கலைங்க."

"அப்போ அந்தக் கடவுச்சொல் வேற யார்கிட்ட இருக்கு?"

பஸ் வந்தது. இருவரும் ஏறவில்லை. அவள் வெகுநேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி அப்படிச் செய்ய மாட்டார் என்று கடைசியில் சொன்னாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அடுத்து வந்த பஸ்ஸுக்குக் கையை நீட்டினாள்.

மறுநாள் காலை முதலாளியின் அறைக்கு என்னையும் கூட வரச் சொன்னாள். நாளைக்கு இதை நான் மட்டும் சொல்லி யாரும் நம்பக் கூடாது, கூட ஒரு சாட்சி வேண்டும் என்றாள். உள்ளே போனதும் சுற்றி வளைக்காமல் கேட்டாள். அவர் மறுக்கவே இல்லை. எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். காபி வரவழைத்தார்.

"நோடும்மா" என்று, பாரம்மா என்பதைக் கன்னடத்தில் சொல்லி ஆரம்பித்தார். "நம்ம கோளத்துக்குள்ள காத்து அடிக்கிற அடி அவங்க தொட்டியில எங்கே இருக்கு? கொஞ்சம் அடங்க விட்டுப் பத்தவெச்சா அதுதான் நிஜத்துக்குப் பக்கம். நீயே யோசிச்சுப் பாரு."

அதில் கொஞ்சம் விஷயம் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கேட்கிறவர் தலையாட்டிவிடக்கூடிய பேச்சு.

"அப்படின்னா அதை ரிப்போர்ட்ல எழுதிருங்க சார். இத்தனை இடைவெளி விட்டோம், இன்ன காரணம்னு" என்றாள் அவள்.

"எழுதினா அவங்க எதுக்கு நம்மகிட்ட வரணும்? தகடு ஏற்கெனவே பொருத்தியாச்சு. பெரிசா மாத்தறதுன்னா லைனை நிறுத்தணும். விடும்மா."

"சித்தராஜு பண்ணலைன்னு உங்களுக்குத் தெரியும். எங்கிட்ட ஏன் சொல்லலை?"

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, வழக்கமான அதே சிரிப்பு. "நீ இவ்வளவு தூரம் பார்ப்பேன்னு நினைக்கலை. உன் கையெழுத்து இருந்தா யாரும் மறு கேள்வி கேக்கறதில்லைம்மா. ஊர்ல அப்படி ஒரு பேர் உனக்கு. அது பெருமைதானே?"

அவள் எழுந்து வெளியே வந்தாள். தன் மேசைக்குப் போய், அறிக்கையின் வடிவம் மாறிய பிறகு அவள் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு சோதனையின் முழுக் கோட்டையும் திறந்து பார்க்க ஆரம்பித்தாள். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. இந்த மக்காச்சோள மாவைத் தவிர எல்லாவற்றிலும் இடைவெளி சரியாக இருந்தது. முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண் எரிச்சல் என்றாள். நான் நம்பியதுபோல இருந்துவிட்டேன்.

அந்த வாரமே ராஜினாமா கொடுத்துவிட்டு நஞ்சன்கூட்டுக்குப் புறப்பட்டாள். நானும் கூடப் போனேன். தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியைப் பார்க்க வாசலில் ரொம்ப நேரம் நிற்க வேண்டியிருந்தது. காற்றில் மாவு வாசனை. உள்ளே போகிற ஆட்களின் புருவமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. அதிகாரி இளம் வயது, கறாரான ஆள். அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, உங்களுக்கும் உங்கள் முதலாளிக்கும் என்ன தகராறு என்றார். வேலையை விட்டவர் எதற்கு வந்து சொல்கிறீர்கள், வேறு பரிசோதனைக்கூடத்துக்கு ஆள் பிடிக்கிறீர்களா என்றும் கேட்டார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. அவளுக்கு இல்லை. சந்தோஷமாக நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

என்னை நம்பாதீர்கள் என்று அவரிடம் சொன்னாள். நான் எந்தக் கூடத்தின் பெயரும் சொல்ல மாட்டேன். நீங்களே எனக்குத் தெரியாத இரண்டு இடங்களுக்கு அனுப்புங்கள். மூட்டையிலிருந்து எடுக்காதீர்கள், தூசி வடிகட்டிப் பையிலிருந்து எடுங்கள், அங்கேதான் மெல்லிய தூள் இருக்கும். வருகிற அறிக்கையில் கோடு முதலிலிருந்து இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில், நல்ல ஆள் என்றாள். "சட்டுனு நம்பலை பாருங்க."

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நன்றாக இல்லை. ஒவ்வொரு நாளும் காலையில் செய்தித்தாளைப் பிரிக்கும்போது நஞ்சன்கூடு என்ற பெயரைத்தான் முதலில் தேடினேன். அவளும் அப்படித்தான் இருந்திருப்பாள். போன் செய்தால் எடுத்ததும், "ஒண்ணுமில்லைங்களே?" என்பாள். கடைசியில் அந்த அதிகாரியே அவளைக் கூப்பிட்டார். இரண்டு இடத்திலும் சோதித்தாயிற்று. இரண்டும் ஒரே மாதிரி. தீ நாங்கள் காட்டியதைவிடப் பல மடங்கு வேகம். இருக்கிற தகடு போதவே போதாது. லைனை நிறுத்தியிருக்கிறோம், பெரிய தகடு வருகிறது என்றார். நன்றி என்று அவர் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நிறுத்திவிட்டார்களா என்று நேரில் பார்க்க மறுநாள் நஞ்சன்கூட்டுக்குப் போய் வந்தாள்.

மிச்சமிருந்தது சித்தராஜு.

அவர் இப்போது வேறொரு கம்பெனியில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்திருந்தார். அவர் ஊரில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்துப் போனோம். ஓட்டு வீடு, வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. அவர் மனைவி உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. சித்தராஜு வந்ததும் நின்றபடியே, "தப்பாய்த்து" என்று கன்னடத்தில் சொன்னாள். தப்பு நடந்துவிட்டது, நீங்கள் செய்யவில்லை, யார் செய்தது என்று தெரிந்துவிட்டது என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

சித்தராஜு நிதானமாகப் பதில் சொன்னார். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்.

"என்னைக் கேட்டீங்களே, அதுக்கு நான் கோபப்படலை மேடம். கேட்க வேண்டியது உங்க வேலை. அவரை ஏன் கேட்கலை? அவர் காரில் வர்றார், நான் யாரோட வேன்லயோ ஏறிப் போறேன். அதனாலதானே?"

அவள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. "ஆமா" என்றாள்.

காபி வந்தது. மூன்று பேரும் குடித்தோம். கிளம்பும்போது சித்தராஜு இன்னொன்றும் சொன்னார். அன்றைக்கு நாலு பேருக்கு முன்னால் கேட்டீர்கள். இன்றைக்கு என் வீட்டுக்குள் வந்து தப்பு என்கிறீர்கள். அங்கே இருந்தவர்களுக்கு நான் இன்னும் திருடன்தான். அதைச் சொல்லும்போதும் அவர் குரல் உயரவில்லை.

ராஜினாமா செய்தவளைக் கூடத்துக்குள் விட மாட்டார்கள். கேட்டுக்கு எதிரில் ஒரு டீக்கடை இருக்கிறது. பிற்பகலில் எங்கள் ஆட்கள் எல்லோரும் அங்கேதான் வந்து நிற்பார்கள். இரண்டு நாள் கழித்து அவள் அங்கே வந்தாள். சித்தராஜுவுக்கும் சொல்லி அனுப்பியிருந்தாள். அவர் ரோட்டின் அந்தப் பக்கம் பைக்கை நிறுத்தி, இறங்காமல் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார்.

அவள் டீக் கிளாஸைக் கீழே வைத்தாள். கன்னடத்தில், கேன்டீனில் பேசிய அதே குரலில் சொன்னாள். சித்தராஜு எதையும் மாற்றவில்லை. நான் பார்க்காமல் அவரைச் சொன்னேன். மாற்றியவரை நான் கேட்கவே இல்லை, ஏனென்றால் அவர் எனக்கு நல்லவராக இருந்தார். தப்பு என்னுடையது. இதற்குமேல் யாராவது சித்தராஜுவைப் பற்றிப் பேசினால் என்னிடம் வந்து பேசுங்கள்.

ஒருவர் பன்னை டீயில் முக்கிக்கொண்டிருந்தார், அது ஊறி உடைந்து விழுந்தது. அக்கவுண்ட்ஸில் இருக்கிற பெண் என் காதோரம் வந்து, இவள்மேல் யாராவது கேஸ் போட்டிருக்கிறார்களா, வக்கீல் சொல்லித்தான் இப்படிப் பேசுகிறாளா என்று கேட்டாள். மாடி ஜன்னலில் முதலாளி நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் கதவு சாத்திக்கொண்டது. சித்தராஜு பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு நஞ்சன்கூடு ரோட்டுப் பக்கம் போய்விட்டார். கையசைக்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அவள் பைக் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹெல்மெட் போட்டிருந்தாருங்களே, அவருக்குக் கேட்டிருக்குமாக்கா?"

கேட்டிருக்கும், நீ பேசியது கேட் வாட்ச்மேனுக்கே கேட்டது என்றேன். தலையை ஆட்டினாள். நம்பவில்லை என்பது தெரிந்தது. மறுநாள் தனியாகப் பஸ் பிடித்து மறுபடியும் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். வாசலில் நின்றே விசாரித்தாளாம். சித்தராஜு அவளை ஒரு முறை பார்த்துவிட்டு, "கேளிஸ்து" என்றாராம். கேட்டது என்று அர்த்தம். அதற்குமேல் எதையும் விசாரிக்காமல் இவள் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.